மூன்றாவது கோடு

கொன்னப்பாறை ஜீப் ஸ்டாண்டுக்கு ரோசக்குட்டியின் வண்டி வந்தால், டீக்கடையில் இருப்பவர்கள் கட்டன்சாயா டம்ளரைக் கையால் மூடிக்கொள்வார்கள். அவ்வளவு புகை! நீலமாக, கண்ணைக் கரிக்கிற புகை.

"சேச்சி வந்தாச்சு, இனி கொசுவுக்கு இங்க பொழப்பில்ல" என்பார் ஸ்டாண்டின் தலைவர் பைலி.

ரோசக்குட்டிக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வருடமாக ஜீப் ஓட்டுகிறாள். ஏன் ஓட்ட வந்தாய் என்று கேட்டால் ஒரே பதில்தான்: புருஷன் மத்தாயிக்கு வண்டியில் ஏறினால் வாந்தி வரும். கல்யாணத்தன்று சர்ச்சிலிருந்து வீடு வருவதற்குள் மூன்று தடவை இறங்கி ஓரமாக உட்கார்ந்துவிட்டார். இந்த மனிதரை நம்பினால் இந்த மலையில் எங்கேயும் போய்ச்சேர முடியாது என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவர் கப்பைக்கிழங்குத் தோட்டத்தையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டார். இவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

மேல் காலனியிலிருந்து பதினொரு பிள்ளைகளை அடிவாரப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது அவள் வேலை. அதற்காகத்தான் அவள் எழுந்திருப்பதே. அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. பெற்றோர் கமிட்டித் தலைவர் தங்கப்பனின் மகள் அஞ்சுவுக்கு இளைப்பு உண்டு. சாயங்காலம் ஏற்றத்தில் ஏறும்போது புகை பின்பக்கமாக உள்ளே அடிக்க, அந்தக் குழந்தை கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வீடுவரை இருமிக்கொண்டே வந்தது.

"சனிக்கிழமை கமிட்டி கூடுது, ரோசக்குட்டி. புகை நிக்கலன்னா வேற வண்டி பாக்கறதைத் தவிர எனக்கு வழியில்ல. தப்பா நெனைக்காத" என்று தங்கப்பன் சொல்லிவிட்டுப் போனார்.

டவுனில் மெக்கானிக் காது கொடுத்துக்கூடக் கேட்கவில்லை. "ரிங்கு போச்சு. எஞ்சினப் பிரிக்கணும், பதினஞ்சு நாளாவும்."

"ஜனவரியில மாத்தின எஞ்சின்யா! அஞ்சு மாசத்துல ரிங்கு எப்படிப் போகும்?"

"பின்ன ஆயில் எங்க போகுது? நீங்களே குடிக்கறீங்களா?"

ஆயில் குறைவது உண்மைதான். ஸ்டாண்டே சாட்சி. காலையில் வரிசையில் நின்றபடியே எல்லோரும் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்ப்பது அங்கே வழக்கம். கொன்னப்பாறையில் ஸ்டாண்ட் என்பது ஒரு செங்குத்துச் சரிவு. வண்டிகள் மூக்கை மேலே தூக்கி, பின்சக்கரத்தில் கல்லை அண்டை கொடுத்து நிற்கும். ரோசக்குட்டி கம்பியை உருவினால், அதிலுள்ள இரண்டு கோடுகளில் கீழ்க்கோட்டைக்கூட எண்ணெய் தொட்டிருக்காது. "கொஞ்சம் ஊத்து சேச்சி, வறண்டு கெடக்கு" என்பார் பைலி. இவளும் ஊற்றுவாள். அடுத்த வாரமும் அதே கதை.

வியாழக்கிழமை பிள்ளைகளை இறக்கக் கீழே போகும்போது, வளைவில் குறுக்கே விழுந்த மரத்தால் வண்டிகள் நின்றன. மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்ற நிலையில், சும்மா இருக்கப் பிடிக்காமல் அவள் கம்பியை உருவினாள். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி வழிந்தது.

"என்னடா இது கூத்து!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஒரு சொட்டு ஊற்றவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வறண்டு கிடந்த வண்டி இப்போது எப்படி நிறைந்தது?

திரும்பி வந்ததும் நேரே பைலியின் வண்டியில் கைவைத்தாள்.

"எடி, எடி! என் வண்டில என்ன பண்ற?"

"கம்பியக் காட்டுங்க சேட்டா."

பைலியின் கம்பியில் மூன்று கோடுகள் இருந்தன. கம்பெனி போட்ட இரண்டு. அதற்கும் கீழே யாரோ அரத்தால் ராவிய மூன்றாவது.

"இது எதுக்கு?"

"எதுக்கோ! எங்கப்பன் காலத்துலேந்து இருக்கு. அதுவரைக்கும் ஊத்தினா போதும்."

ரோசக்குட்டி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுடைய பழைய கம்பியிலும் அந்த மூன்றாவது கோடு இருந்தது. அது இந்தச் சரிவுக்கு மட்டுமான அளவு. ஜனவரியில் புது எஞ்சினோடு வந்த கம்பியில் இரண்டே கோடுகள்தான். வண்டி மூக்கைத் தூக்கி நிற்பதால் எண்ணெய் கம்பியை விட்டுப் பின்னால் ஒதுங்கும் இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மேல்கோடு வரவில்லையே என்று, மிஞ்சியது எரிந்து புகையாகிற அளவுக்கு ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

இருந்திருக்கிறாள் என்று மனசு சொன்னது. மனசு சொல்வதை வைத்துக் கமிட்டியில் என்ன பேச முடியும்? சமதரையில் நிறுத்திப் பார்த்தாக வேண்டும். கொன்னப்பாறையில் சமதரைக்கு எங்கே போவது? மலையை வெட்டி, கொத்தனார் ரசமட்டம் வைத்துப் போட்ட ஒரே இடம் வாலிபால் மைதானம். கிளப் கேப்டன் ஷைஜன் கேட்டை மறித்து நின்றான்.

"சக்கரம் ஏறினா கோர்ட்டு போச்சு சேச்சி. ஞாயித்துக்கிழமை ஃபைனல்."

"பலகை போட்டு ஏத்துறேன். பள்ளம் விழுந்தா நானே மண்வெட்டியோட வர்றேன்."

"முடியாதுன்னா முடியாது."

"நீ பொறந்தன்னிக்கு உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது யாருடா? பாதி வழியிலயே வந்து குதிச்சிட்ட. அந்த சீட்ட நான் இன்னும் மாத்தல."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஷைஜன் தானே பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

வண்டி நின்றதும் மத்தாயி ஒரு தட்டு நிறையத் தண்ணீரை ஜீப்பின் தளத்தில் வைத்தார். ஒரு பக்கமும் சிந்தவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, மேலே ஏறிய எண்ணெய் இறங்கட்டும் என்று ரோசக்குட்டி பத்து நிமிடம் காத்திருந்தாள். கம்பியை உருவித் துடைத்தாள். அடிவரை செருகினாள். மறுபடி உருவினாள்.

மேல்கோட்டுக்கு மேலே இரண்டு விரல்கடை.

நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். அதே இரண்டு விரல்கடை. வண்டி பிழைத்தது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கோ அழுகைதான் வந்தது.

"அந்தப் புள்ளைய நான்தான் இருமவெச்சேன், மத்தாயிச்சா. என் கையாலயே ஊத்தி ஊத்தி…"

"அழுதா ஆயில் எறங்குமா? ஸ்பானர எடு" என்றார் மத்தாயி.

கீழே டின்னை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வடித்து, ஒவ்வொரு தடவையும் துடைத்துப் பார்த்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்டபின், புகைக்குழாயில் படிந்த எண்ணெயெல்லாம் எரிந்து போகட்டும் என்று காலி வண்டியை நாலு தடவை மலையேற்றினாள்.

சனிக்கிழமை கமிட்டியில் அவள் சுற்றி வளைக்கவில்லை. "தப்பு எஞ்சின்மேல இல்ல. என்மேல. சரிவுல பாத்து, தேவைக்கு மேல ஊத்திட்டேன். இப்ப ஏறிப் பாருங்க. புகை வந்தா சாவிய இங்கயே வெச்சிட்டுப் போறேன்."

மத்தாயியின் ஞாயிற்றுக்கிழமை வேட்டியைக் கிழித்து, குழாயை அடைக்காத அளவுக்கு இளக்கமாக, சைலன்சர் வாய்க்கு எதிரே கட்டினாள். தங்கப்பன் பின்னால் ஏறினார். கூடவே மத்தாயியும் ஏறினார்; ஊரே வாயைப் பிளந்தது. மேலே போய் நின்றதும் தங்கப்பன் இறங்கித் துணியை அவிழ்த்து, கசக்கி, முகர்ந்து பார்த்தார். சாம்பல் நிறத்தில் வட்டமாகக் கொஞ்சம் கரி. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. மத்தாயி வேலியோரம் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை ஏழரைக்கு வந்துடு" என்றார் தங்கப்பன்.

திங்கட்கிழமை சாயங்காலம், ஏற்றம் தொடங்கும் முன்பே அஞ்சு வழக்கம்போலக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டாள். ரோசக்குட்டி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். இரண்டாவது வளைவுவரை கட்டு அப்படியே இருந்தது. மூன்றாவது வளைவில் பக்கத்துப் பையன் அவள் பென்சிலைப் பிடுங்கினான். அஞ்சு கைக்குட்டையை இழுத்துக் கழுத்தில் விட்டுக்கொண்டு, காலனி வரும்வரை மூச்சு விடாமல் அவனோடு சண்டை போட்டாள்.