கரையும் வரை வாயைத் திறக்காதீர்கள்

வீடு வீடாகக் கதவைத் தட்டி, ‘ஆ காட்டுங்க’ என்று கேட்டுச் சம்பளம் வாங்கியவர்களுக்குத்தான் என் பாடு புரியும். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்காகத் திருத்தணி வட்டாரத்தில் அலைந்தேன். ஆட்களைச் சேர்ப்பது, மாத்திரை டப்பா கொடுப்பது, மாதாமாதம் பல்லைப் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. அதற்கு முன்னால் விளக்கம் சொல்ல வேண்டுமே, அங்கேதான் உயிர் போகும்.

நல்லதும் கெட்டதும்

கே.ஜி.கண்டிகை டீக்கடையில் தொண்டை வறளச் சொன்னேன். கெட்ட கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு பல்லின் மேல் வழவழவென்று படலம் கட்டும். சொத்தையும் ஈறு வீக்கமும் அதனால்தான். தயிரில் இருப்பதைப் போல நல்ல கிருமிகளும் உண்டு. அவற்றை உயிரோடு தராமல், அவற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருளை மட்டும் இந்தச் சப்பு மாத்திரையில் வைத்திருக்கிறோம்; படலம் ஒட்டாமல் தடுக்கிறதா என்று பார்க்கப்போகிறோம்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். “ரெண்டும் என் வாய்க்குள்ளயே கீதுன்னா, அதுங்களே அடிச்சிகினு தீத்துக்கட்டும். நடுவுல நீங்க எதுக்கு மேடம்?”

மடைப்பள்ளிக் கவலை

மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கும் பெரியவருக்குக் கடைவாய் முழுக்கச் சொத்தை. பாவம், வெந்நீர்கூட ஒரு பக்கமாகத்தான் குடிப்பார். நைவேத்தியம் ஆகும்வரை பச்சைத் தண்ணீர் படாத வாய். முதல் கேள்வியே, “கிருமி சைவம்தானே?” உயிருள்ள கிருமியே இல்லை என்று நான் பெருமையாகச் சொன்னது தப்பாகிவிட்டது.

“செத்துப்போனதை வாயில அடக்கிண்டு சுவாமிக்கு எப்படிம்மா பொங்கல் வைக்கறது?”

நிஜமும் போலியும்

பொதட்டூர்பேட்டையில் முனிரத்தினம் வீட்டில் விசைத்தறி. அவர் மனைவி சரோஜாவுக்கு ஈறில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது; முன்பல் ஆட ஆரம்பித்ததிலிருந்து முந்தானையால் வாயை மூடித்தான் சிரிப்பாள். புருஷன் பெண்டாட்டி இருவருமே ஆய்வில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது என்றேன். முனிரத்தினம் தறியை நிறுத்திவிட்டு என்னை வாசல்வரை தனியாக அழைத்துப்போனார்.

“எனக்கு வேணா பொய் மாத்திரயக் குடுங்க மேடம். அவளுக்கு நெசத்தக் குடுத்துடுங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் குலுக்கல் சீட்டில் அவரவருக்கு விழுந்த டப்பாவைத்தானே தர முடியும்!

தறி நின்ற நேரம்

ராத்திரி பல் துலக்கி, மாத்திரையை வாயில் அடக்கி, கரையும் வரை பேசாமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஆய்வு முடிவதற்குள் சரோஜாவுக்கு ரத்தம் நின்றிருந்தது. பல்லின் ஆட்டம்கூடக் கொஞ்சம் அடங்கியிருந்தது. நிஜ மருந்துதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் யாருக்கு எது என்ற விவரம் வந்தது. நிஜம் முனிரத்தினத்துக்கு, சரோஜாவுக்கு வெறும் மாத்திரை. குணமானதெல்லாம் ராத்திரியும் பல் துலக்கியதால் இருக்கலாம் என்றார் எங்கள் டாக்டர்.

தறி ஓடும் சத்தத்தில் சரோஜாவின் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் முந்தானையை விட்டுவிட்டு, வாய் நிறையச் சிரித்தாள். அத்தைப் பையனைத்தான் கட்டியிருந்தாள். ‘பாவா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“பாவாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம். மிச்ச டப்பாவ வச்சிட்டுப் போங்க. இது கரையற வரைக்கும்தான் அவரு தறிய நிறுத்திட்டு எம்பக்கத்துல குந்திகினு இருக்காரு.”

அந்த மருந்து வேலை செய்ததா என்று யார் கேட்டாலும், இன்றுவரை நான் மாத்திரையை வாயில் அடக்கியவள் மாதிரிதான் இருக்கிறேன்.