பக்கத்து நிரையில் கேட்டுச்சா?

என் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். மலாயாவில் அவசரகாலம். ரப்பர் மரம் சீவப் போகும்போது வேலி வாசலில் போலீஸ்காரர்கள் சோதனை போடுவார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். திரும்பும்போது, "யாராச்சும் கூப்பிட்டாங்களா?" என்று கேட்பார்கள்.

என் தங்கைக்கோ யாரும் கூப்பிடாமலே குரல் கேட்கும். அதற்குத்தான் வைத்தியம் பார்த்தது. அங்கே ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தாளாம்: குரல் வந்தால் உடனே நம்பாதே, பக்கத்தில் இருப்பவரைக் கேள். கேட்பதற்கு அவள் தேர்ந்தெடுத்த ஆள் என் வீட்டுக்காரர்.

அவருடைய மர வரிசை நடுவில். ஒரு பக்கத்து நிரை அவளுடையது, மறுபக்கம் என்னுடையது. "மாமா, கேட்டுச்சா?" என்பாள். அவர் கத்தியை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இல்லம்மா" என்பார். அவளும் நம்பி வேலையைப் பார்ப்பாள். நான் பத்துத் தடவை கூப்பிட்டால் ஒரு "ம்" கொட்டுகிற மனுஷர்! வயிறு எரிந்தது எனக்கு. இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். யாருடைய கண்ணுக்குக் காமாலை என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு காலையில் காட்டோரமாக ஓர் ஆண்குரல் மலாயில், "பெராஸ் அடா?" என்றது. அரிசி இருக்கிறதா என்று. எனக்கே தெளிவாகக் கேட்டது. தங்கை நிமிர்ந்தாள்.

"மாமா, கேட்டுச்சா?"

"இல்லம்மா."

இந்தத் தடவை அவர் கத்தியை நிறுத்தவே இல்லை; அவருக்கும் கேட்டிருந்தது. கேட்டது என்று சொன்னால் அவள் வாசலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். அப்புறம் காட்டுக்காரர்கள் எங்களைச் சும்மா விடமாட்டார்கள். அவர் பயம் எனக்குப் புரிந்தது. அவளோ மரத்தடியில் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மதியம் வீட்டுக்கு வந்ததும் சேலைகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

"மறுபடி வந்துருச்சுக்கா. இவ்வளவு தெளிவா முன்ன கேட்டதே இல்ல. என்னை அங்கயே கொண்டுபோய் விட்டுருங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பீடை தொலைந்தது. ஆனால் தன் காதைவிட அவர் வாக்கு அவளுக்குப் பெரிதாக இருந்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"கேட்டுச்சுடி. எனக்கும்தான் கேட்டுச்சு. உங்க மாமா பயந்துக்கிட்டுப் பொய் சொன்னாரு."

"நிஜமாவாக்கா?"

"நிஜம். வாசல்ல மட்டும் சொல்லிடாத."

அவ்வளவுதான். மடித்த சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்கும் வாய் அடங்கவில்லை.

"ஏன்டி, உனக்கும் மாமாவுக்கும் ஏதாச்சும் இருக்கா? எனக்குள்ள ராப்பகலா அதுதான் கேட்டுக்கிட்டே இருக்கு."

கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவரைப்போலவே கைவேலையை நிறுத்திவிட்டு, காது கொடுத்துக் கேட்பவள்போல என்னைப் பார்த்தாள்.

"இல்லக்கா" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டாள். நான் "இல்லடி" என்பேன்; உடனே மரத்துக்குத் திரும்பிவிடுவாள். நடு நிரையில் அவர் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்ப்பார். எனக்குள் பழைய சந்தேகம் பேசத் தொடங்கும். "இல்லக்கா" என்று அவள் சொன்னதை நினைத்துக்கொள்வேன், திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன்.

பைத்தியம் என்று பேர் வாங்கியவளுக்கு ஒரு "இல்ல" போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. என் வீட்டுக்காரரை விடுங்கள், அதற்காகத்தான் அவள்மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமை.