எஞ்சின் மாற்றியபின் முதல் மலை

பிக்கப்பின் எஞ்சினை மாற்றுவதா, வண்டியையே விற்றுத் தொலைப்பதா என்று எங்கள் வீட்டில் நான்கு மாதம் சண்டை நடந்தது. சண்டை என்றால் சத்தம் கிடையாது. என் மனைவி சத்தம் போடமாட்டாள். சோறு போட்டுக்கொண்டே, விற்றுவிட்டு வேறு பாருங்கள் என்பாள். நான் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். வத்தல்மலைக்குச் சிமெண்டும் ஹாலோ பிளாக்கும் ஏற்றிப் போவதுதான் என் பிழைப்பு. அந்த வண்டி மலைப்பாதையில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுபோனபோது, மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் இந்த எஞ்சினுக்குச் செலவு பண்ணுவது வீண் என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

வேறு எஞ்சின் கிடைத்தது. பின்பக்கம் லாரி இடித்து நசுங்கிப்போன அதே மாடல் வண்டியினுடையது. வாங்குவதற்கு முன் அரைமணி நேரம் ஓடவிட்டுக் கேட்டோம், சத்தம் சுத்தமாக இருந்தது. ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரையும் முறைப்படி மாற்றினேன். இதில் எல்லாம் நான் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மீதியில் எனக்குச் சாதகமாகச் சொல்ல அதிகம் இல்லை.

ஒரே ஒரு குறை. அந்த எஞ்சினோடு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ வரவில்லை. டைனமோவின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வேக்குவம் பம்ப்தான் பிரேக்கைக் காலுக்கு லேசாக்கித் தருவது. அது ஓய்ந்துபோனால் பெடல் இறுகிவிடும், ஏறி நின்றாலும் இறங்காது. பழைய டைனமோவையே மாட்டிக்கொடுத்த மெக்கானிக் தெளிவாகச் சொன்னார்.

"பம்ப் வீக்கா இருக்குதுங்கண்ணா. புதுசு ரெண்டு நாள்ல வந்துரும். அது வரைக்கும் கீழ ஓட்டுங்க, மலைக்கு மட்டும் போவாதீங்க."

மறுநாள் காலையிலேயே மலைக்குக் கிளம்பினேன். மனைவியையும் ஏற்றிக்கொண்டேன். நான்கு மாதம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு இந்த எஞ்சின் பதில் சொல்வதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று இருந்தது. இரண்டு நாள் பொறுக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். தருமபுரி நாலு ரோட்டில் ஒரு ஆட்டோவுக்காக அடுத்தடுத்து மூன்று முறை பிரேக் மிதித்தேன். மூன்றாவது முறை பெடல் இறுகியது. அவள் பூக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், பார்த்தீங்களா என்பாள்.

ஏறும்போது எஞ்சின் என் மானத்தைக் காப்பாற்றியது. நாற்பது மூட்டை சிமெண்டோடு ஒரு வளைவில்கூட திணறவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் அவள், "பரவால்லீங்க, நல்லாத்தான் இழுக்குது" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனையும்.

திரும்பும்போது சாமை மூட்டைகள் ஏற்றினோம். சந்தைக்குப் போகிறவர்கள் ஏழு பேர் வழக்கம்போல வந்து ஏறிக்கொண்டார்கள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு பெண் தன் ஒன்றரை வயதுக் குழந்தையை, பின்னால் காற்று அடிக்கும் என்று சொல்லி, என் மனைவி மடியில் கொடுத்துவிட்டுப் போனாள். பம்ப் ஞாபகம் அப்போது வந்தது. இறங்கச் சொல்லியிருக்கலாம். இரண்டாவது கியரில் மெதுவாகப் போனால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் இரண்டு வளைவுகள் சரியாகத்தான் இருந்தன. மூன்றாவதில் பெடல் பாதிதான் இறங்கியது. நான்காவதில் அசையவே இல்லை. வண்டி வளைவை விட்டு விலகிப் போய், சாலை ஓரத்துச் சுவரை ஒட்டித் திரும்பியது. குழந்தை சிரித்தது. முதல் கியருக்கு மாற்ற முயன்றேன், வேகம் அதிகமாக இருந்ததால் கியர் விழ மறுத்துக் கிறீச்சிட்டது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். மனைவி என் முகத்தைப் பார்ப்பது தெரிந்தது. நான் சாலையையே பார்த்தேன். நிஜமாகவே பயந்துபோயிருந்தேன்.

ஐந்தாவது வளைவுக்குக் கீழே இருந்து பஸ் ஹாரன் கேட்டது. வளைவில் இரண்டு வண்டிக்கும் இடம் கிடையாது. இரண்டு காலையும் பெடலில் வைத்து ஏறி மிதித்தேன், ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்தேன், ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்தேன். முன்சக்கரம் சாக்கடைக்குள் இறங்கி, கதவு பாறையில் உரசிக்கொண்டே போய், வண்டி நின்றது. பஸ் எங்களைத் தாண்டி மேலே போனது. அதன் டிரைவர் எனக்குக் கையை உயர்த்தி நன்றி சொன்னார்.

பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸுக்கு வழி விடுவதற்காகத்தான் இப்படி ஓரம் கட்டினேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து, உங்களை மாதிரி எல்லாரும் வழி விட்டால் மலையில் தொல்லையே இல்லை என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

என் மனைவி ஏமாறவில்லை. என் இரண்டு காலும் இருந்த இடத்தை அவள் பார்த்திருந்தாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பின்னால் கேட்காத குரலில் கேட்டாள்.

"பிரேக் இல்லைங்கிறது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். என்னவோ, குழந்தையின் கால் என் கைமேல் பட்டுக்கொண்டிருந்தது, வாயில் பொய் வரவில்லை. மெக்கானிக் சொன்னதையும் நாலு ரோட்டில் பெடல் இறுகியதையும் சொன்னேன்.

அவள் குழந்தையின் காலை என் கையிலிருந்து விலக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப தெரிஞ்சேதான் என்னை ஏத்தியாந்தீங்க" என்றாள். பிறகு, "அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?" என்றாள்.

நான்தான் சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். இறங்கி, ஆளுக்கொரு கல்லாகத் தூக்கிவந்து சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தார்கள். வழி விட்டதற்குப் பாராட்டியவர் என் முகத்தைப் பார்க்காமலே, எங்கள் மூட்டை பத்திரம் என்று மட்டும் சொன்னார். குழந்தையின் அம்மா கைநீட்டினாள். என் மனைவி தரவில்லை, நானே தூக்கிவருகிறேன் என்று அவளோடு நடந்தாள். எல்லாரும் குறுக்குப் பாதையில் இறங்கி மறைந்தார்கள். மெக்கானிக் வந்து சேரும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பம்ப் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. எஞ்சினில் இன்றுவரை ஒரு குறை இல்லை. இந்த மாதிரி வண்டிக்கு எஞ்சின் மாற்றுவது தகுமா என்று மற்ற டிரைவர்கள் கேட்டால், தாராளமாக மாற்று என்கிறேன். என் மனைவி அன்றைக்குப் பிறகு அதில் ஏறவில்லை, தாய்வீட்டுக்குப் போவதென்றால் இண்டூர் ஸ்டாப்பில் நின்று பஸ் பிடிக்கிறாள். சில நாள் அந்தப் பக்கமாகவே நானும் காலி வண்டியோடு போவேன். வேகத்தைக் குறைப்பேன். அவளும் பார்ப்பாள். ஏறிக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.