உப்புத் தண்ணீர் தாண்டிய பூனைகள்

கொண்டச்சியில் இருக்கும் சுபைதா ராத்தாவுக்கு ஒரு பூனை வேண்டும். மகள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். மழை தொடங்கியதும் வீட்டு வளவில் புடையன் பாம்பு ஊரத் தொடங்கிவிட்டது. ராத்தா என்னிடம் சொன்னார். நானும் பூனை மீட்பவர்களின் போன் இலக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கைவிடப்பட்ட பூனைகளுக்கு வீடு தேடுவதாக அவர்கள் நாள் தவறாமல் வீடியோ போடுகிறார்கள். பின்னணியில் வயலின் வேறு அழும்.

போனை எடுத்தது ஒரு பெண்பிள்ளை. தேன் மாதிரிக் குரல்.

“பூனையை வீட்டுக்கு வெளியில விடுவீங்களா அங்கிள்?”

“பாம்பு வெளியிலதானே பிள்ளை நிக்குது.”

“ஐயோ, பாம்பு இருக்கிற இடத்துக்குக் குடுக்க ஏலாது. பூனைக்கு ஆபத்து.”

“வீட்டில கைக்குழந்தை ஒண்டு இருக்குது.”

“குழந்தை பூனையைத் தொந்தரவு பண்ணுமா?”

நான் போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் என் வாயிலிருந்து வந்திருக்கக்கூடியதற்கு எந்த வயலினும் பொருந்தாது.

முன்பெல்லாம் மன்னாரில் பூனைக்காக யாரும் நேர்முகப் பரீட்சைக்குப் போனதில்லை. வேண்டாதவன் விட்டுவிட்டுப் போவான், வேண்டியவன் பிடித்துக்கொண்டு போவான். இரண்டுக்கும் ஒரே இடம், மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கும் பாலத்தடி. உப்புத் தண்ணீரைத் தாண்டினால் பூனைக்கு வந்த வழி மறந்துவிடும் என்று எங்கள் சனத்துக்கு ஒரு நம்பிக்கை. ஆகவே தீவில் இருப்பவர்கள் பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ப் பெருநிலத்தில் விடுவார்கள். பெருநிலத்துக்காரர் தங்களுடையதைக் கொண்டுவந்து தீவில் விடுவார்கள். இரண்டு பக்கத்திலும் பூனை குறையவில்லை என்பதை ஒருவராவது கவனித்தார்களா என்று கேளாதீர்கள். எங்களுக்கு வேறு வேலை இருந்தது.

இன்றைக்கும் ஈரச் சாக்கு மணத்தால் எனக்கு அந்த மினிபஸ்தான் ஞாபகம் வரும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. கட்டுக்கரைப் பக்கம் உழவு மெஷினோடு திரிந்தேன், வவுனியாவில் சீமெந்து சுமந்தேன், ஒன்றிலும் கால் தரிக்கவில்லை. கடைசியில் பெருநிலத்துக் கொண்டச்சிக்கும் மன்னாருக்கும் ஓடிய மினிபஸ்ஸில் கொண்டக்டர் ஆனேன். ஓரிடத்திலும் நிற்கப் பிடிக்காதவனுக்கு அது நல்ல வேலை. காலையில் ஒரு சாக்கு மியாவ் என்று தீவுக்குப் போகும், பின்னேரம் இன்னொரு சாக்கு மியாவ் என்று திரும்பி வரும். சாரதி அந்தோனி அண்ணை சொல்வார்: “பண்டமாற்று நடக்குதடா. ரெண்டு பக்கத்து விசரரும் எங்கட பஸ்ஸிலதான்.”

போர் முடிந்து, புத்தளத்தில் அகதியாக இருந்த முஸ்லிம் சனம் ஊருக்குத் திரும்பிய காலம் அது. ஊர் என்று சொல்ல அங்கே காடுதான் இருந்தது. நிவாரணம் என்று வெள்ளை வாகனங்களில் வந்தவர்கள் கூரைக்குத் தறப்பாளும் வாளியும் கொடுத்து, வாளியோடு நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பாம்புக்கு என்ன செய்வது என்று அவர்கள் சொல்லவில்லை. சுபைதா ராத்தாவுக்கு அதைச் சொன்னது புத்தளத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த பூனை. ஒருநாள் விடியப்புறம் அது தறப்பாள் கொட்டிலுக்குள் மயிர் சிலிர்த்துச் சீறிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் புடையன், இந்தப் பக்கம் பாயில் மகள். ராத்தா எழும்பி மகளைத் தூக்கும்வரை பூனை விலகவில்லை.

அப்பேர்ப்பட்ட பூனையைத்தான் அவருடைய புருஷன் காசிம் நானா சாக்கில் கட்டி எங்கள் பஸ்ஸில் ஏற்றினார். குற்றம், விருந்தாளிக்கு வைத்த பாரை மீனைத் தின்றது. மீனைத் திறந்து வைத்தவர் அவர்தான். தண்டனை பூனைக்கு.

அடுத்த நாள் ராத்தா றோட்டுக்கு நடுவே நின்று பஸ்ஸை மறித்தார்.

“தம்பி, எங்கட பூனையக் கொண்டுவந்து தாங்க. அது இல்லாம எனக்குக் கண் மூட ஏலா.”

“எப்பிடி இருக்கும் ராத்தா?”

“சாம்பல் நிறம். வயிறு வெள்ள. கோவமா பாக்கும்.”

பாலத்தடியில் பாதிப் பூனைகள் சாம்பல் நிறம், வெள்ளை வயிறு. கோபமாகப் பார்க்காத பூனையை நான் இன்றுவரை கண்டதில்லை. ஒன்றைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “இது இல்ல” என்றார். திருப்பிக் கொண்டுபோகக் கை நீட்டினால் விடவில்லை. “வந்திட்டுதே, இருக்கட்டும்.” அடுத்ததும் அது இல்லை, அதுவும் இருந்தது. ஒரு பூனையைத் துரத்திய காசிம் நானாவின் வாசலில் நாலைந்து நின்றன. “நீ என்ன கொண்டக்டரா, பூன ஏஜென்சியா?” என்று என்னைக் கண்ட இடமெல்லாம் கத்துவார்.

கடைசியில் ராத்தாவே கருவாட்டுத் தலைகளைப் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பாலத்தின் தீவுப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். அங்கே மண்மூட்டையின்மேல் ராத்தாவின் பூனை படுத்திருந்தது. கொழுத்து, கழுத்தில் சிவப்புத் துணியும் கட்டி. பக்கத்தில் பாதி தின்ற டின் மீன்.

“பூஸ், பூஸ். இஞ்ச வாங்க வாப்பா.”

பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு மீசைகூட வடிவாக முளைக்கவில்லை. உடைந்த தமிழில் கேட்டான்: “அம்மா, உங்கட பூனை? கொண்டு போங்க.” தானே தூக்கி ராத்தாவின் கையில் வைத்தான். அது கையைப் பிறாண்டிவிட்டு மண்மூட்டைக்கே பாய்ந்தது. அவன் வெட்கப்பட்டுத் தலை குனிந்தான். கருவாட்டுத் தலையை அது மணந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தோனி அண்ணை ஹோர்ன் அடித்தார். “ராத்தா, பூனை வருதோ இல்லையோ, சனம் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்!”

ராத்தா பிறாண்டிய இடத்தை முந்தானையால் துடைத்தார். “இருக்கட்டும். எங்களுக்குத்தான் நிவாரணத்த நிப்பாட்டிட்டாங்க. அதுக்காவது ரேஷன் கிடைக்குது.” பஸ் சனத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க நினைத்தவர்களும் சாவடியைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

பிறகு சாவடியைக் கழற்றினார்கள். மினிபஸ் பழைய இரும்பாகப் போனது. அந்தோனி அண்ணை மகனோடு கனடா போய்விட்டார். இந்தப் பூனை மீட்பவர்கள் வந்து பாலத்தடிப் பூனைகளைக் கூடுகளில் அடைத்துக் கொழும்புக்கு ஏற்றினார்கள். கொண்டச்சியிலும் ஒரு முகாம் போட்டு, இருந்த பூனைகளுக்கெல்லாம் குட்டி போடாமல் இருக்க ஒப்பரேஷன் செய்தார்கள். கண் திறக்காத குட்டிகள் றோட்டில் நசிந்து கிடப்பது நின்றது, அது நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராத்தா வீட்டுப் பூனைகள் ஒவ்வொன்றாய்க் கிழடாகிச் செத்தபோது, அவற்றின் இடத்துக்கு வர ஊரில் ஒரு குட்டிகூட இருக்கவில்லை. ஊருக்கு எத்தனை வேண்டும் என்று முகாம் போட்டவர்கள் கேட்கவில்லை. வெள்ளை வாகனக்காரரும் அப்படித்தான், ஒன்றும் கேட்காமல்தான் வாளி கொடுத்தார்கள்.

நேற்று ராத்தா எனக்குப் போன் எடுத்தார்.

“கிடைச்சுதா தம்பி?”

“இல்லை ராத்தா.”

“சரி. பேரப்புள்ளய மேசையில படுக்க வச்சிருக்கன். நான் பக்கத்தில கதிரையப் போட்டு முழிச்சிருக்கன்.”