போனில் பிடித்த நாடி

அடியில் சூடேற்றிய வீட்டுத் தரையில் செய்தித்தாளை விரித்து, நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக் குடலை எடுத்துக்கொண்டிருந்தாள் புன்ரே. யோங்ஜு ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து பாதி ஆயுசு இப்படி அடுத்தவர் குழம்புக்குக் கிள்ளிப் போட்டதிலேயே போயிற்று. அவளுக்கென்று இருந்தது ஒன்றுதான்: சந்தை நாளில் பஸ் ஏறி மூலிகை வைத்தியர் யோமிடம் போவது. அவர் மணிக்கட்டில் விரல் வைத்து, கண்ணை மூடி, "தூக்கம் எப்படிம்மா?" என்பார். ஊசி குத்திக்கொண்டு சூட்டுப் படுக்கையில் கிடந்தபடி, திரைக்கு அந்தப்பக்கம் கிடப்பவளோடு மருமகள்களைக் கரித்துக்கொட்டலாம்.

அன்றைக்கெல்லாம் அவள் கணவர் கீதெக்குக்கு ஆறிய சோறு. ஊரையே பஸ்ஸில் ஏற்றி இறக்கிய ஓட்டுநர். அரிசிக் குக்கரைத் திறக்கத் தெரியாது. யோம் போனிலும் வைத்தியம் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டதும் மனிதர் முகத்தில் அப்படி ஒரு களை.

"இனிமே எதுக்கு பஸ்ஸு, பொமி அம்மா?" என்றார், பிள்ளை பெயரைச் சொல்லி மனைவியை அழைத்து.

வைத்தியர் அழைத்தபோது அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீதெக்தான் எடுத்தார்.

"அம்மாவுக்குக் கை கால் சில்லுனு இருக்குமா, சூடா இருக்குமா?"

"சூடுதாங்க. வாயத் தொறந்தாலே நெருப்பு."

வைத்தியர் சிரித்தார். அவளைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல அந்தப் பெரிய மனிதருக்கும் தோன்றவில்லை. உஷ்ணம் தணிக்கும் கஷாயம் பை பையாக வந்து இறங்கியது. குடித்தவளுக்கு வயிறு கலங்கியது. சூடான தரையிலும் காலுறை போட வேண்டியதாயிற்று. இன்று காலை வைத்தியசாலைப் பெண்ணிடம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"எனக்கு உடம்பு சூடுன்னு சொன்னது நீங்களா?" என்றாள் புன்ரே.

"உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?" கீதெக் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் எழுந்து போய்க் கையை நீட்டினாள். "தொட்டுப் பாருங்க."

"மீன் நாத்தம். போய்க் கழுவு."

"சரி, தொட வேணாம். சும்மா சொல்லுங்க. இத்தன வருஷம் கூட இருக்கீங்களே, என் கை சில்லுனு இருக்குமா, சூடா இருக்குமா?"

டிவியில் ஓடிய பலகையாட்டப் போட்டியில் யாரோ ஒரு வெள்ளைக் காயை வைத்தார்கள். கீதெக் அதை ஊன்றிப் பார்த்தார்.

புன்ரே கையைக் கழுவிக் கோட்டை மாட்டினாள். "நெத்திலி பாதி கெடக்கு. போன் போட்டு யாரையாச்சும் கிள்ளச் சொல்லுங்க."

வாசலில் செருப்பை மாட்டும்போது மறுபடி கேட்டாள்: "சில்லுனா, சூடா?"

சற்று நின்று பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.