மலைப்பாதை போட்டவர்களின் பெயர்கள்

எழுபதுகளில் திருத்தணிக்கு ஒரு வரலாற்று மலர் போட்டார்கள். மலைப்பாதை அமைத்த காண்டிராக்டருக்கு அதில் முழுப்பக்கப் படம். கல் உடைத்துச் சுமந்த எங்கள் காலனிக்காரர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த வேலையில்தான் என் அம்மாவுக்கு ஒரு கண் போனது.

மலரைத் தொகுத்த வாத்தியாரிடம் போய்க் கேட்டேன்.

“கூலியாளுங்க பேரையெல்லாம் எவன்மா எழுதி வெச்சிக்கினு இருந்தான்?” என்று சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, வீடு வீடாகப் போய், வேலை செய்தவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

“கல்லு தெறிச்சி கண்ணு போச்சின்னு எழுது. ஒருத்தனும் வந்து பாக்கலன்னும் எழுது” என்றாள் அம்மா.

வாத்தியார் அந்த நோட்டை வாங்கிப் பார்க்கவே மறுத்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நோட்டைக் காலனிப் படிப்பகத்தில் வைத்தேன். விட்டுப்போன பெயர்களை அவரவர் பிள்ளைகளே வந்து எழுதிச் சேர்த்தார்கள்.