ஈரம் காய்வதற்குள்

மதிவதனி இதுவரை வென்றவை: கடைமடையில் கிடந்த ஒரு மா நிலத்துக்குத் தண்ணீர், ரேஷன் கடையில் முழு எடை, மூன்று மழையில் சாய்ந்தும் அழுகாத சம்பா, நாத்தனாரின் பயத்தமாவு டப்பா. கடைசியானதுதான் கடினம்.

என் தங்கை அவள். மகன் இளம்பரிதியைக் குளிப்பாட்டித் தூக்கினால், துண்டால் தேய்க்க மாட்டாள், ஒற்றுவாள். உடனே உடம்பு முழுக்கக் களிம்பு. “ஈரம் காயறதுக்குள்ள பூசணும்க்கா, பேச்சுக் குடுக்காத.” சிவந்த இடத்துக்கு மட்டும் டாக்டர் கொடுத்த வேறு மருந்து. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்குவாள். கூடினால் வழித்து எறிவாள். நகம் வெட்டுவது அவன் தூங்கும்போது.

இந்தக் கறாருக்குக் காரணம் மூத்தவள் சுடர்விழி. கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் புண். “தானா உதிர்ந்துடும், மருந்து போட்டா உள்ள அமுங்கிடும்” என்றார்கள். நானும் சொன்னேன். பத்தாவது மாதம், எங்கள் கொல்லையில் விளைந்த நிலக்கடலையை வறுத்து நுணுக்கி, விரல் நுனியில் தொட்டு ஊட்டினோம். கால் மணி நேரத்தில் உதடு வீங்கியது, மூச்சு இரைத்தது. நூற்றெட்டு ஆம்புலன்ஸில் தஞ்சாவூர் கொண்டுபோய்த்தான் பிழைத்தாள்.

இளம்பரிதிக்கு மூன்றாம் மாதம் கன்னம் சொரசொரத்தது. அன்றே தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் ஹஃப்ஸா ஒளிக்காமல் சொன்னார். “தோல் பொளந்து கெடந்தா, மேல படுறதெல்லாம் அது வழியா உள்ள போகும். ஒடம்பு அதை எதிரின்னு எடுத்துக்கும். சீக்கிரமா ஆத்திட்டா, அக்காவுக்கு வந்த மாதிரி இவனுக்கும் வர்ற வாய்ப்பு கொறையலாம். வரவே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.” பயத்தமாவு, கடலைமாவு எதுவும் அவன் தோலில் படக் கூடாது என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் மதிவதனி எனக்கு விளக்கினாள். “வயல் வெடிச்சுக் கெடந்தா கண்ட வெதையும் உள்ள எறங்கிடுதுல்ல? அதாங்க்கா.”

நாத்தனார் ஷோபனா கெட்டவள் அல்ல. சம்பா அறுப்புக்கு முன் ஈர வயலில் விதை தெளித்து, பிறகு பறித்தெடுத்த பயறு; வெயிலில் காயவைத்து, அரைத்து, குழந்தைகளைத் தேய்த்துக் குளிப்பாட்ட வேட்டித் துணியில் மூன்று முறை சலிப்பாள்.

“எம் புள்ள மூணும் இதுலதான் வளந்துச்சு. இது என்ன வெசமா?”

“வெசமில்ல அண்ணி. புண்ணுல படக் கூடாது.”

“ஓ, டாக்டரம்மா சொல்லிட்டாங்க!”

மதிவதனி டப்பாவைப் பரண்மேல் போட்டாள். அவள் பயறு பறிக்கப் போயிருந்த ஒரு நாள், ஷோபனா புதிதாக அரைத்து, பிள்ளையைத் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டாள். மாலையில் தோல் முழுக்க நீர் கசிந்தது. மறுநாள் காலையில் சீழ், காய்ச்சல் கொதித்தது.

நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரியில் நின்றோம். இன்றே வார்டில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

“ரெண்டு நாள் தைலம் போட்டுப் பாப்போம்டி,” என்றாள் ஷோபனா. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்தாள். “எதுவா இருந்தாலும் எங்கப்பா வந்து கையெழுத்துப் போடட்டும். நீ கைநாட்டு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எந்தம்பிக்கு யாரு பதில் சொல்றது?”

தம்பி புகழேந்தி, மதிவதனியின் கணவர், சிங்கப்பூரில். போனை எடுக்கவில்லை. மாமனார், ஷோபனாவின் அப்பா தங்கையன், கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல். வரச் சாயங்காலம் ஆகும். பிள்ளை அழக்கூட இல்லை. தாயின் தோளில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். ரவிக்கை ஈரமாகிக்கொண்டிருந்தது.

“அம்மா கைரேகை வச்சாலே போதும்,” என்று செவிலியர் மைப்பெட்டியைத் திறந்து நகர்த்தினார்.

மதிவதனி அதை மூடினாள். “பேனா குடுங்க.”

இரண்டாம் வகுப்போடு நடவுக்கு வந்தவள். மகளின் பள்ளிக்கூட நோட்டைப் பார்த்து எழுதிப் பழகியிருக்கிறாள், எனக்கே தெரியாது. பிள்ளையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, தாளை முழங்கையால் அழுத்தி, தன் பெயரின் ஐந்து எழுத்தையும் கோணாமல் எழுதினாள். தேதியை என்னிடம் கேட்டு, அதையும் கீழே தானே எழுதினாள்: 6.3.2024.